மடத்தைக் காப்பவர்கள் அங்கே தூங்குகிறவர்கள்

மாதேஸ்வரன் மலை,
தீபாவளி முடிந்த வாரம்.

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய வரைபடங்களும் வந்து சேர்ந்தன. அவை மலைக்கு நடந்து வரும் உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொந்தமான தங்குமடத்தின் வரைபடங்கள். கருங்கல் அடித்தளம், சுண்ணாம்புச் சாந்துச் சுவர், நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே நாட்டு ஓடு. சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் நிறைகிறது, மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. கமிட்டிக்காரர்கள் இடித்துவிட்டு அட்டாச்டு பாத்ரூமோடு அறைகள் கட்டலாம் என்கிறார்கள். நீ சீனத்து ஃபுஜியான் மாகாணத்தின் துலோ என்ற கூட்டு மண்வீடுகளைப் பற்றிப் படித்திருக்கிறாய். அவற்றைப்போல இதையும் மரபுச் சின்னமாக்கிச் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிட்டால் பிழைக்காதா என்று கேட்டிருக்கிறாய்.

பிழைக்கும். ஆனால் நீ நினைக்கும் வழியில் அல்ல. அறை வாடகை கொடுத்துத் தங்குகிறவர் மடத்துக்குப் பணம் தருவார்; மடத்தைக் காப்பாற்றுவது அவர் வேலை இல்லை. கூட்டமாக வந்து, அடுப்பு மூட்டி, தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறவர்கள்தான் இந்த மாதிரிக் கட்டடத்தை இதுவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் போனால் உன் சுண்ணாம்பும் கடுக்காயும் பத்து வருஷத்துக்கு மேல் தாங்காது. இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் துலோவையே எடுத்துக்கொள்வோம். யுனெஸ்கோ 2008-ல் ஃபுஜியானின் 46 துலோக்களை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. சில மண்வீடுகள் சேர்ந்த சின்னக் குழுக்கள் முதல், நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த பெரிய வட்டக் கட்டடங்கள் வரை அதில் உண்டு. யோங்டிங் வட்டாரத்திலுள்ள செங்சி லோ 1709-ல் முடிந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையம், வெளிவளையம் நான்கு மாடி. படத்தில் பார்ப்பவர்கள் அந்த வட்டத்தில் மயங்கிப் போகிறார்கள். நீ மயங்க வேண்டியது உள்ளே இருக்கும் பங்கீட்டில். ஒரு குடும்பத்துக்கு ஒரு தளம் என்று பிரிக்கவில்லை. தரையிலிருந்து கூரை வரை நெட்டாக ஒரு துண்டு என்று பிரித்தார்கள். கீழே சமையல், அதற்கு மேலே தானியம், அதற்கும் மேலே படுக்கை. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அகல அறை. கிணறு பொது, முற்றம் பொது, நடுவிலிருக்கும் முன்னோர் கூடம் பொது. கல்யாணமும் சாவும் அந்தக் கூடத்தில்தான் நடந்தன. சுவரோ வெறும் மண். அதில் மூங்கில் பட்டைகளை இடைவைத்து, அச்சுக்குள் கொட்டி இடித்து இறுக்கியது. மழை சுவரைத் தொடாதபடி கூரை வெளியே நீண்டு தொங்கும். அந்தக் கூரையில் ஓடு நகர்ந்தால் யாராவது ஏறிச் சரிசெய்தே ஆக வேண்டும். ஏனென்றால் அடியில் தூங்குகிறவன் அவனுடைய பங்காளி.

1980-களுக்குப் பிறகு இளையவர்கள் வேலை தேடி ஊர்களுக்கும் நகரங்களுக்கும் போனார்கள். பக்கத்திலேயே கான்கிரீட் வீடும் கட்டிக்கொண்டார்கள். மண்வீட்டில் வயசானவர்கள் மிஞ்சினார்கள். சுற்றுலா வந்தபின் டிக்கெட் வந்தது, கீழ்த்தளச் சமையலறைகள் தேயிலைக் கடைகளாயின, சில மேல்மாடிகள் தங்கும் அறைகளாயின. தியான்லுவோகெங் என்ற ஊரில் நடுவில் ஒரு சதுரமும் சுற்றி நான்கு வளைந்த கட்டடங்களும் நிற்பதைப் பார்த்துச் சீனர்களே அதை 'நாலு கறி, ஒரு சூப்பு' என்று கேலியாகச் சொல்வார்கள். மேலே நின்று படம் எடுக்கும் கூட்டம் அங்கே குறைவதே இல்லை. ஆனால் படம் எடுத்தவன் ஓடு மாற்ற மாட்டான்.

அதே மாகாணத்தில் ஷியாஷி என்ற சின்ன ஊரில் வேறொரு வழி காட்டினார்கள். ஓடைக்கு இருபுறமும் இரண்டு பழைய துலோக்கள். கட்டடக் கலைஞர் லி ஷியாவ்தோங் ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலம் போட்டு, அந்தப் பாலத்தையே பள்ளிக்கூடமாக்கினார். இரு முனைகளும் துலோக்களைப் பார்த்து மேடைகளாகத் திறக்கும். ஊர் அங்கே கூடி நிகழ்ச்சி நடத்தலாம். துலோவின் சுவரை அவர் தொடவில்லை. துலோவுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் தினமும் வந்து போக ஒரு காரணத்தை உண்டாக்கினார். 2010-ல் அந்தப் பாலப் பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. உன் மாதிரி இளம் கட்டடக் கலைஞர்கள் வட்டக் கட்டடங்களைவிட அந்தப் பள்ளியைத்தான் அதிகம் படிக்க வேண்டும்.

இதைச் சொல்லச் சீனாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் செட்டிநாட்டு வீடும் பல குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்த வீடுதான். முகப்பும் தேக்குத் தூணும் பார்த்து அதை அரண்மனை என்று எழுதுகிறார்கள். வளவுக்குள் போய்ப் பார். முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒரே அளவு அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணமானதும் மகனை 'வேறு வைப்பார்கள்'. ஒரே வீட்டுக்குள் தனி உலை, தனிக் கணக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு 'புள்ளி'. ஊர்க் கோயிலுக்கு வரி அந்தப் புள்ளிக் கணக்கில். துலோவில் நெட்டாகப் பிரித்ததை இவர்கள் வளவைச் சுற்றிக் கிடையாகப் பிரித்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு: தனி அடுப்பு, பொது முற்றம்.

அந்த வீடுகளை இன்று எது காப்பாற்றுகிறது? காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி பக்கம் சில வீடுகள் நல்ல விடுதிகளாகியிருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்கள் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கும் ஆத்தங்குடிக் கல் போடுகிறவருக்கும் வேலை கொடுத்து அந்தத் தொழிலையே உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பகுதியில் இருப்பவை ஆயிரக்கணக்கான வீடுகள். அத்தனையையும் விடுதியாக்க உலகத்தில் அவ்வளவு பயணிகள் இல்லை. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதன் பிறகும் வீடுகள் பிரிக்கப்பட்டுக் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நிற்கிற வீடுகளில் பெரும்பாலானவை ஏன் நிற்கின்றன தெரியுமா? அங்கே படைப்பு நடக்கிறது. சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பங்காளிகள் முன்னோருக்குப் படைக்க அந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றாலும் அங்கேதான் வைக்கிறார்கள். கூட்டம் வருமுன் கதவைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஓடு பார்த்து, வெள்ளை அடிக்கிறார்கள். அந்த ஒரு வார வேலைதான் அந்த வீட்டுக்கு ஆயுள். விசேஷம் நின்றுபோன வீட்டுக்குள் வௌவால் குடியேறுகிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கிறது.

பொதுச்சொத்துக்கு ஒரு நோய் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பலபேர் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். ஒரு வீட்டுக்கு நூறு பங்காளிகள் என்றால் விற்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது. ஆளுக்கொரு கையெழுத்து வேண்டும். விற்க முடியாததால் வீடு பிழைக்கிறது. பழுது பார்க்க முடியாததால் அதே வீடு விழுகிறது. உன் மடத்துக் கமிட்டியிலும் இதே நோய் இருக்கும். மருந்து என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய நகரத்தார் கடல் கடந்த இடத்தில் என்ன நடந்தது என்றும் பார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. நீளக் கூடம், ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன மேசை, ஒரு பெட்டகம், ராத்திரிக்கு ஒரு பாய். சமையல் பொது. பகலில் வட்டிக்கடை, இரவில் வீடு. தொழில் மாறியது, ஆட்கள் குறைந்தார்கள், 1970-களில் நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் போய்விட்டன. பினாங்கில் பினாங்குத் தெருக் கோவில்வீடு இன்னும் இருக்கிறது; ஏனென்றால் தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். அதே ஜார்ஜ்டவுனில் கூ குலத்தாரின் சீனக் கூட்டுக் குடியிருப்பு, அவர்கள் குலக்கோயிலைச் சுற்றி வரிசை வீடுகளாக நிற்கிறது. அந்தக் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஜார்ஜ்டவுனும் துலோக்களும் உலக மரபுப் பட்டியலில் ஏறியது ஒரே வருஷம், 2008.

காசிக்குப் போனால் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தைப் பார். தலைமுறைகளாக அங்கிருந்து விசுவநாதர் கோயிலுக்குத் தினமும் பூசைப் பொருள்களைச் 'சம்போ' என்று முழங்கிக்கொண்டு எடுத்துப் போகிறார்கள். அந்த ஒரு வேலை இருக்கும்வரை சத்திரத்தின் கதவை மூட முடியாது. கதவு மூடாத கட்டடத்தில் சின்ன விரிசல்கூட உடனே கண்ணில் படும். பழனிப் பாதயாத்திரையும் அப்படித்தான். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடக்கிறவர்கள் எந்த இரவு எந்த ஊரில் தங்குவது என்பது தலைமுறைகளாக வகுத்து வைத்தது. தேதி தெரியும், கூட்டம் தெரியும். ஆகவே வழியிலுள்ள தங்குமிடங்களும் தயாராக இருக்கும்.

இப்போது நம் மலைக்கு வருவோம். இந்த மலை இன்று கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டம். 1997 வரை மைசூரு மாவட்டம். அதற்கும் முன்னால், 1956 நவம்பரில் மாநில எல்லைகள் மாற்றி வரையப்படும்வரை, கொள்ளேகால் வட்டம் முழுக்க நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கோட்டைத்தான் மாற்றினார்கள், நடை மாறவில்லை. மேட்டூர், கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாகப் பாலாற்றைத் தாண்டி இன்றும் நம் ஜனம் வருகிறது. அந்தியூர் பக்கத்துப் பர்கூர் மலையில் வீட்டில் கன்னடம் பேசுகிற தமிழ்நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். மாதேஸ்வரன் கோயிலைக் கட்டியவர் ஆலம்பாடி ஜுஞ்சேகவுடர் என்று மரபுக் கதை சொல்லும்; ஆலம்பாடி என்றால் நமக்கு மாட்டினத்தின் பெயராக நினைவு வரும் அதே காவிரிக்கரை.

போன வாரம் ஹாலரவி உற்சவம் நடந்தது. பேடகம்பணர் சமூகத்துச் சிறுமிகள் 101 பேர் காட்டோடையிலிருந்து அபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமந்து வருவார்கள். நூற்றியொரு குழந்தைகள் என்றால் அவர்களோடு தாய், பாட்டி, சித்தி. அத்தனை பேரும் எங்கேயாவது உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும். சிவராத்திரிக்குத் தேவரகுட்டர்கள் கம்சாளைத் தாளத்தோடு மாதேஸ்வரன் கதையை விடிய விடியப் பாடுவார்கள். தலைமைப் பாடகர் ஓரடி சொல்ல, பக்கத்துப் பாடகர்கள் அதை ஏந்திப் போவார்கள். கேட்கிறவர்கள் பாதிப் பேர் விழித்திருப்பார்கள், பாதிப் பேர் படுத்துக்கொண்டே கேட்பார்கள். இதற்குத் தேவை ஒரு பெரிய தாழ்வாரம். பன்னிரண்டுக்குப் பத்து அறையில் ராக்கதை பாட முடியாது. பாட்டுக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு இவ்வளவு நேரடியானது; தாழ்வாரம் போனால் பாட்டும் மேடைக்குப் போய்விடும், அரை மணி நேர நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும்.

மலையில் விடுதிகள் ஏராளமாக வந்துவிட்டன. 2023-ல் 108 அடி மாதேஸ்வரன் சிலையும் எழும்பிவிட்டது. காரில் வந்து ஒருநாள் தங்கிப் போகிறவர்களுக்கு அறை கிடைக்கும். நடந்து வரும் அறுபது பேர் கூட்டத்துக்குத்தான் ஒன்றாகப் படுக்க இடம் குறைகிறது. உன் மடத்தின் மதிப்பு அங்கே இருக்கிறது. அறைகளாகப் பிரித்தால் இருக்கிற விடுதிகளோடு போட்டி போட்டுத் தோற்கும். கூடமாகவே இருந்தால் அதற்குப் போட்டியே இல்லை. இதைத்தான் நீ கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். மரபு, பாரம்பரியம் என்று பேசினால் தலையாட்டிவிட்டு இடித்துவிடுவார்கள்.

இனி வேலைக்கு வருகிறேன்.

அளவெடுப்பதை நிறுத்து. நீ அனுப்பிய வரைபடத்தில் தூணுக்குத் தூண் இடைவெளி மில்லிமீட்டர் வரை இருக்கிறது. அடுப்பு எங்கே மூட்டுகிறார்கள் என்று இல்லை. அடுத்த கூட்டம் வரும்போது மடத்திலேயே தங்கு. கிழவர்கள் எந்த மூலையில் படுக்கிறார்கள், பெண்கள் எந்தப் பக்கம், செருப்பு எங்கே குவிகிறது, அரிசி மூட்டை எதன்மேல் ஏறுகிறது, ஈரத்துணி எங்கே காய்கிறது என்று குறித்துக்கொள். வரைபடத்தின்மேல் அதை வரை. கட்டடத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதிலிருந்து தானே தெரியும்.

அடுத்தது கக்கூஸ். முகம் சுளிக்காதே, பழைய கட்டடங்களை இடிக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். துலோவிலும் கழிப்பிடம் உள்ளே கிடையாது. மேல்மாடி நடையில் வாளி வைத்திருந்தார்கள். இளையவர்கள் வெளியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் கமிட்டியில் அட்டாச்டு பாத்ரூம் கேட்கிறவர்களைக் கிண்டல் செய்யாதே. அறுபது வயது அம்மாவுக்கு ராத்திரி இருட்டில் வெளியே போக முடியாது. மாதவிலக்கு நாளில் ஒரு பெண் எங்கே போவாள்? கேட்பது நியாயம். ஆனால் அதைச் சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் குழாய்க் கசிவு சுவரைத் தின்றுவிடும். மடத்திலிருந்து சற்றுத் தள்ளி, கூரை போட்ட நடைபாதையால் இணைத்து, வெளிச்சத்தோடு தனிக் கட்டடமாகக் கட்டு. பெண்களுக்கு ஆண்களைவிட அதிக எண்ணிக்கை வை. செப்டிக் டேங்கைக் கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில், தூரமாக வை. மடத்துச் சீரமைப்பில் முதலில் செலவு செய்ய வேண்டிய பணம் இதற்குத்தான். இது முடிந்தால் இடிக்கச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

சுவருக்கு வருவோம். நீ எழுதியிருக்கிறாய், வடக்குச் சுவரில் முன்பு யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று. போய்த் தட்டிப் பார். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உப்பியிருக்கும். விரலால் தட்டினால் வெற்றோசை கேட்கும். பெயர்த்தால் உள்ளே பழைய சாந்து மாவாக உதிரும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகும். சிமென்ட் அதை அடைத்துவிட்டது. அந்தப் பூச்சை முழுக்க எடுத்துவிடு. ஒரு கோடை முழுக்கச் சுவர் உலரட்டும். பிறகு புளிக்க வைத்த சுண்ணாம்பில் பூசு. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பதைப் பழைய கொத்தனார் சொல்லும் அளவில் சேர். வெளிச்சுவர் அடியில் தண்ணீர் தேங்காதபடி தரைச்சரிவைச் சரி செய். இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம்.

கூரையில் குரங்கு ஓடும். ஓடு நகரும். ஒரு ஓடு நகர்ந்து ஒரு மழை பெய்தால் சட்டம் ஊறும். மூன்று மழையில் கரையான் வரும். ஆகவே ஒவ்வொரு விசேஷத்துக்கும் முன்னால் ஓடு பார்க்க வேண்டும் என்பதை மடத்து விதியாகவே எழுதிவிடு. வெளித்தாழ்வாரத்து விறகடுப்பை எடுக்காதே. அடுப்புப் புகை படிந்த மரத்தில் பூச்சி சீக்கிரம் ஏறாது என்பது நம் ஊர்க் கிழவிகளுக்குத் தெரியும்.

இந்தக் காடு 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். மூங்கிலும் மரமும் மணலும் இங்கேயே கிடைக்குமே என்று திட்டம் போடாதே. இடித்தால் திரும்பக் கட்ட அனுமதி உண்டா என்று கமிட்டி முதலில் வனத்துறைக்கும் மலையின் வளர்ச்சி ஆணையத்துக்கும் எழுதிக் கேட்கட்டும். பதில் வருமுன் ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம். தடுப்பு வேண்டுமானால் உண்ணிச்செடித் தண்டில் பின்னிய தட்டிகளை வாங்கு. காட்டையே மூடிக்கொண்டிருக்கும் அந்தச் செடியை வெட்டிச் சோளகர்கள் நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள்; பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் இந்த மலையில்தான் அதற்குப் பயிற்சி கொடுத்தது. பெண்கள் பகுதிக்குத் தட்டி மறைப்பு, வேண்டாதபோது எடுத்து வைக்கலாம்; சுவர் எழுப்ப வேண்டியதில்லை.

வருஷத்தில் மீதி நாள்களுக்கு என்ன செய்வது என்பது உன் அடுத்த கேள்வி. குழுவாக மட்டும் விடு. ஆள் கணக்கில், அறைக் கணக்கில் அல்ல. குறைந்தது பதினைந்து பேர் வந்தால்தான் திறப்பது என்று வை. கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள், பறவை பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள், கம்சாளை கற்க வருகிறவர்கள், சுண்ணாம்பு வேலைப் பயிற்சி, யுகாதிக்கும் மகாளய அமாவாசைக்கும் வரும் வேறு ஊர் நடைக்குழுக்கள். தங்குகிற ஒவ்வொரு குழுவும் பணத்தோடு ஒரு வேலையும் தர வேண்டும்: கிணற்றடி கழுவுவது, ஓடு எடுத்துக் கொடுப்பது, ஒரு சுவருக்கு வெள்ளை அடிப்பது. சும்மா தங்கியவனுக்கு மடம் நினைவில் நிற்காது. வெள்ளை அடித்தவன் அடுத்த வருஷம் வந்து தன் சுவரைப் போய்ப் பார்ப்பான். ஊர் யாத்திரை நாள்களில் மட்டும் வெளியார் யாருக்கும் கிடையாது. இதை எழுத்தில் வை. இல்லாவிட்டால் ஐந்தாறு வருஷத்தில் சிவராத்திரி இரவுக்கே ரிசார்ட்காரர்கள் அதிகப் பணம் கொடுத்து வாங்கிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் வாசலில் நிற்பார்கள்.

இப்போது கசப்பான விஷயம். பெரும்பாலான துலோக்களுக்கு ஒரு பெரிய கதவுதான்; அது பகைவருக்கும் குலத்தைச் சேராதவருக்கும் மூடியே இருந்தது. நம் சத்திரங்களிலும் பல ஒரு சாதிக்குரியவை. உங்கள் மடத்திலும் யார் படுக்கலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வழக்கம் இருந்திருக்கும். இன்றும் வாய்க்குள் இருக்கும். மாதேஸ்வரன் கதையைப் பாடும் தேவரகுட்டர்கள் ஒரே சாதிக்காரர்கள் அல்ல. பல சமூகத்திலிருந்தும் தீட்சை பெறுகிறார்கள். அவர்கள் பாட்டு உள்ளே வரலாம், அவர்கள் பாய் உள்ளே வரக்கூடாது என்றால், நீ சுண்ணாம்பு பூசிப் புதுப்பிப்பது அந்த வழக்கத்தைத்தான். கூட்டுப் பயன்பாடு என்று அழகாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவார்கள். நீ ஆகாதே. பணி ஏற்கும் முன்னாலேயே கமிட்டியிடம் கேள்: தாழ்வாரமும் கிணறும் அடுப்பும் எல்லாருக்கும்தானா? ஆம் என்று தீர்மானம் போட்டால் வேலையை எடு. போடாவிட்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு; மலையில் வேறு மடங்கள் இருக்கின்றன.

பொதுச்சொத்து நோய்க்கு மருந்து சொல்கிறேன் என்றேன். நகரத்தார் புள்ளிக் கணக்கிலிருந்து கற்றுக்கொள். 'ஊருக்குச் சொந்தம்' என்று விட்டால் யாருக்கும் சொந்தமில்லை. மடத்துக்கு ஒரு பேரேடு போடச் சொல். எந்தெந்த வீட்டார் நடந்து வருகிறார்கள், வீட்டுக்கு என்ன வரி, இந்த வருஷம் ஓடு பார்க்க யார், கிணறு தூர்வார யார் என்று பெயரோடு எழுதட்டும். வெளியூரில் இருப்பவர்கள் பணம் அனுப்பலாம். ஆனால் அனுப்பிய வீட்டிலிருந்து வருஷத்துக்கு ஒருவராவது வந்து ஓரிரவு தங்க வேண்டும். சிறுவர்களின் பெயரையும் சேர். பெண்கள் பெயரில் வீட்டுக்கணக்கு எழுதினால் இன்னும் நல்லது. அடுப்பையும் கிணற்றையும் தெரிந்தவர்கள் அவர்கள். பெரிய பழுதுக்கு நூறு கையெழுத்து தேவையில்லாதபடி, ஐந்து பேருக்கு மட்டும் செலவு செய்யும் அதிகாரம் கொடுத்துத் தீர்மானம் எழுதட்டும். அந்த ஐந்து பேரையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றட்டும்.

உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கட்டடத்தில் உன் பெயர் எங்கும் தெரியாது; தெரியவும் கூடாது. நல்ல வேலை செய்தால் வந்து படுக்கிறவர்கள் 'மடம் முன்ன மாதிரியே இருக்கு' என்பார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொள். போட்டோவுக்கு ஏற்ற விளக்கும் வண்ணமும் வைக்கத் தோன்றும், வைக்காதே. புதிதாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால் கக்கூஸ் கட்டடத்தில் செய். அங்கே உன் திறமை முழுக்க வேண்டியிருக்கும்.

சிவராத்திரிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் கமிட்டியைக் கூட்டு. இடிக்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுக்காதே. சிவராத்திரி இரவில் எந்தெந்த வீட்டார் இந்தத் தாழ்வாரத்தில் வந்து படுக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பேரேட்டில் எழுது. இருபது வீட்டுப் பெயர் விழுந்தால் மடம் நிற்கும். மற்றதெல்லாம் நீயும் கொத்தனாரும் பார்த்துக்கொள்ளலாம். பெயர் விழவில்லை என்றால் அதைக் காப்பாற்ற எந்தக் கட்டடக் கலைஞராலும் முடியாது.

அன்புடன்,
உன் அண்ணன்